மிஞ்சிய செங்கற்கள்: பிங்க் புளொயிட் குழுவின் இசைத்தட்டுகளும் கைவிடப்பட்ட முயற்சிகளும்

இசைத்தட்டொன்று முற்றுப்பெற்ற பொருளாகவே நம் கைக்கு வந்து சேர்கிறது. அதன் உறையிலே சிலருடைய பெயர்கள் இருக்கும். பலருடைய பெயர்கள் இரா. எத்தனை நாட் பாடுபட்டு அது ஆக்கப்பட்டது, எவை சேர்க்கப்பட்டன, எவை நீக்கப்பட்டன, பாடியவர்க்கும் பதிவு செய்தவர்க்கும் கிடைத்த கூலி எவ்வளவு என்பனவற்றை உறை சொல்வதில்லை. பண்டமானது தன்னை ஆக்கிய உழைப்பை மறைத்துக்கொண்டே சந்தைக்கு வருகிறது என்று மார்க்ஸ் விளக்கியமை துணிக்கும் இரும்புக்கும் பொருந்துவது போலவே பாட்டுக்கும் பொருந்தும். ஆகவே, கலைஞர்கள் ஆக்கி முடித்தவற்றை ஆராய்வதோடு நின்றுவிடாது, அவர்கள் தொடங்கிக் கைவிட்டவற்றையும் வெட்டி நீக்கியவற்றையும் ஆராய்தல் வேண்டும். முடிந்த கட்டிடத்தின் வரலாற்றை, கட்டும்போது மிஞ்சிய செங்கற்கள் சில வேளை அதன் சுவர்களிலும் தெளிவாகச் சொல்லிவிடும்.

இவ்வுண்மைக்கு எடுத்துக்காட்டாக, இங்கிலாந்திலே 1965ஆம் ஆண்டளவில் உருவான பிங்க் புளொயிட் என்னும் இசைக்குழுவை இங்கு எடுத்துக்கொள்கிறோம். இக்குழுவின் இசையை மேனாட்டார் ‘புறோகிறெசிவ் றொக்’ என்று வகைப்படுத்துவர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘முற்போக்கு றொக்’ என்றாகும். இப்பெயரைக் கண்டு நம் வாசகர் மயங்குதல் கூடாது. இங்கே முற்போக்கு என்பது அரசியலைக் குறிப்பதன்று. மூன்று நிமிடப் பாட்டு என்னும் வாணிப எல்லையைக் கடந்து, நீண்ட உருவங்களையும் புதிய ஒலிகளையும் தேடிய இசைப்போக்கையே அது குறிக்கிறது. எனினும், உருவத்திலே புதுமை தேடியவர்கள் சமுதாயத்தையும் நேருக்கு நேர் சந்திக்க வேண்டி வந்தது என்பதை இக்குழுவின் வரலாறு காட்டும்.

குழுவினர் எத்தகைய மண்ணிலே முளைத்தவர்கள் என்பதை முதலிற் காண்போம். றோஜர் வோட்டர்ஸ், நிக் மேசன், றிச்சட் றைட் ஆகிய மூவரும் இலண்டன் றீஜன்ற் வீதிப் பல்தொழில்நுட்பக் கல்லூரியிலே கட்டிடக்கலை பயிலச் சென்ற மாணவர்கள். நான்காமவரான சிட் பரட் கேம்பிறிஜ் நகரத்தவர்; ஓவியக் கல்லூரி மாணவர். போருக்குப் பின் தொழிற்கட்சி அரசாங்கம் நிறுவிய சேமநல அமைப்பின் நிழலிலே, பொதுப்பணத்தின் உதவியோடு உயர்கல்வி பெற்ற தலைமுறை அது. சிந்திக்கவும், விளையாடவும், தவறு செய்யவும் அத்தலைமுறைக்கு ஓய்வு கிடைத்தது. இவர்களுள் வோட்டர்ஸின் பெற்றோர் இருவரும் ஆசிரியர்கள். தந்தை எரிக் பிளெச்சர் வோட்டர்ஸ் பொதுவுடைமைக் கட்சியின் உறுப்பினர். தொடக்கத்திலே மனச்சாட்சி காரணமாகப் படையிற் சேர மறுத்து, குண்டுவீச்சு நடந்த இலண்டன் வீதிகளில் நோயாளர் வண்டி ஓட்டினார். பின்னர், பாசிசத்தை எதிர்த்துப் போராடுவதே கடமை எனத் தெளிந்து படையிற் சேர்ந்தார். 1944ஆம் ஆண்டு பெப்ரவரியிலே இத்தாலியின் அன்சியோ போர்முனையில் மாண்டார். அப்போது மகனுக்கு வயது ஐந்து மாதம். ஆசிரியரின் மகன் என்பதையும், போரிலே தந்தையை இழந்தவர் என்பதையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளுதல் நன்று. கட்டுரையின் இறுதியிலே இவ்விரண்டும் ஒன்றுசேரும்.

சிட் பரட் மனநலங் குன்றி 1968ஆம் ஆண்டிலே விலக, அதே ஆண்டு தொடக்கத்தில் இணைந்த டேவிட் கில்மோர் கிற்றார்க் கலைஞரானார். தலைமைப் பாடலாசிரியரை இழந்த குழு வழி தேடித் தடுமாறிய அக்காலத்திலேதான் முதலாவது பெரிய ‘கைவிடப்பட்ட முயற்சி’ தோன்றிற்று. 1969ஆம் ஆண்டு ஏப்ரலிலே இலண்டன் றோயல் பெஸ்ரிவல் மண்டபத்திலும், பின்னர் வேறு மேடைகளிலும், ‘மனிதன்’, ‘பயணம்’ என்னும் இரு பகுதிகளைக் கொண்ட தொடரிசை ஒன்றை அவர்கள் நிகழ்த்தினர். ‘மனிதன்’ என்ற பகுதி சாதாரண மனிதன் ஒருவனின் ஒரு நாளைச் சித்திரிப்பது. விடியல், வேலை, தேநீர் வேளை, உறக்கம், கெட்ட கனவு, மீண்டும் விடியல் என அது செல்லும். ‘வேலை’ என்ற கட்டத்திலே குழுவினர் இசைக்கருவிகளை வைத்துவிட்டு, மேடையிலேயே மரத்தை வாளால் அறுத்து, ஆணி அடித்து, மேசை செய்தனர். அவ்வறுப்பொலியும் சுத்தியலொலியுமே அக்கட்டத்தின் இசை. பின்னர் மேடைக்குத் தேநீர் கொண்டுவரப்பட, அமர்ந்து அருந்தினர்.

இதனை வேடிக்கை என்று தள்ளிவிடலாம். ஆயினும், தொழிலாளியின் நாள் ஒன்றினைக் கச்சேரி மேடைக்குரிய பொருளாக அவர்கள் கருதினர் என்பது கவனிக்கத்தக்கது. இத்தொடரிசை அக்காலத்திலே தனி இசைத்தட்டாக வெளிவரவில்லை. அதன் உறுப்புகள் பல வெவ்வேறு பெயர்களிலே வெவ்வேறு தட்டுகளுக்குச் சிதறின. அம்ஸ்ரடாம் நகரிலே அதே ஆண்டு நிகழ்ந்த நிகழ்ச்சியின் பதிவு 2016ஆம் ஆண்டிலேதான் முறைப்படி வெளியாயிற்று. விடியலிலிருந்து விடியல்வரை ஒரு மனிதனைப் பின்தொடரும் அந்த அமைப்போ அழியவில்லை. நான்கு ஆண்டுகளின் பின் அவர்கள் புகழின் உச்சத்திற்குச் சென்றதும் ஒரு மனித வாழ்வைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நோக்கும் இசைத்தட்டினாலேதான்.

அதே 1969ஆம் ஆண்டின் இறுதியிலே இத்தாலியத் திரைப்பட நெறியாளர் மிக்கலாஞ்சலோ அந்தோனியோனி, அமெரிக்க மாணவர் கிளர்ச்சியைப் பின்னணியாகக் கொண்ட ‘சப்றிஸ்கி பொயின்ற்’ என்ற தமது படத்துக்கு இசையமைக்கக் குழுவை உரோமாபுரிக்கு அழைத்தார். பல்கலைக்கழக வளாகத்திலே மாணவரும் பொலிசாரும் மோதும் காட்சிகளுக்காக றிச்சட் றைட் பியானோவிலே மிக மெதுவான, துயரந்தோய்ந்த இசை ஒன்றை அமைத்தார். தடியடியின் மீது ஆரவார இசையைப் பூசாது அமைதியைப் பரப்பியமை அவருடைய நுண்ணுணர்வுக்குச் சான்று. நெறியாளருக்கோ அது அளவுகடந்த சோகமாகத் தோன்றிற்று. தேவாலய இசையை நினைவூட்டுகிறதெனக் கூறி விலக்கினார். குழுவின் மூன்று உருப்படிகள் மாத்திரமே படத்திலே இடம்பெற்றன.

விலக்கப்பட்ட அந்த இசை மூன்று ஆண்டுகள் காத்திருந்தது. பின்னர் வோட்டர்ஸ் அதற்குச் சொற்கள் எழுதினார். பின்னணியிலிருந்து கட்டளையிடும் தளபதிகளையும் முன்னணியிலே மடியும் படைவீரரையும், குளிர்காய்ந்த செல்வரையும் வீதியிலே கிடந்த வறியவரையும் அச்சொற்கள் எதிரெதிரே நிறுத்தின. ‘அஸ் அன்ட் தெம்’, அதாவது ‘நாமும் அவர்களும்’, என்ற பாடல் இவ்வாறு பிறந்தது. மாணவரின் குருதி சிந்திய காட்சிக்காக அமைக்கப்பட்ட இசை, வர்க்கப் பிளவைப் பாடும் பாட்டுக்கு உடலாயிற்று. கைவிடப்பட்ட பொருளிலே அதன் முதல் நோக்கம் ஒளிந்து வாழ்ந்தது என்றே கூறத் தோன்றுகிறது.

1971ஆம் ஆண்டிலே நிகழ்ந்தது வேறு வகையானது. புதிய தட்டுக்கான கருத்து எதுவுமின்றிப் பதிவுக்கூடம் புகுந்த குழு, தொடர்பில்லாத சிறுசிறு இசைத்துண்டுகளைப் பதிவு செய்தது. அவற்றிற்கு அவர்கள் இட்ட பெயர் ‘ஒன்றுமில்லை’. பின் அதற்கு எண்கள். றைட் பியானோவிலே தட்டிய ஒற்றைச் சுரம் ஒன்று சுழலும் ஒலிபெருக்கி வழியாகச் சென்று, ஆழ்கடலுள் எழும் ஓசைபோல ஒலித்தது. அவ்வொற்றைச் சுரத்தைத் தொடக்கமாகக் கொண்டு துண்டுகளை இணைத்தனர். ‘ஒன்றுமில்லையின் மகன்’, ‘ஒன்றுமில்லையின் மகன் மீண்டான்’ என்று பெயர் வளர்ந்து, முடிவிலே ‘எக்கோஸ்’ (எதிரொலிகள்) என்ற இருபத்துமூன்று நிமிட ஆக்கமாயிற்று. கலைஞன் வானத்தைப் பார்த்திருக்க அருள் வந்திறங்குகிறது என்ற பழைய கொள்கைக்கு இதனிலும் நல்ல மறுப்பு வேண்டியதில்லை. ஒன்றுமில்லாமையிலிருந்து இருபத்துமூன்று நிமிடத்தைப் படைத்தது பொறுமையான கூட்டுழைப்பு.

இனி, 1973ஆம் ஆண்டு மார்ச்சிலே வெளிவந்த ‘த டார்க் சைட் ஒவ் த மூன்’ (நிலவின் இருண்ட பக்கம்) என்ற இசைத்தட்டுக்கு வருவோம். ஓட்டம், காலம், மரணம், பணம், போர், பைத்தியம் எனத் தற்கால மனிதனை நெருக்கும் சக்திகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவது இத்தட்டு. நான்கு கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றதாக மதிப்பிடப்படுகிறது. அமெரிக்காவின் ‘பில்போர்ட்’ ஏட்டின் விற்பனைப் பட்டியலிலே 1973க்கும் 1988க்கும் இடையில் 741 வாரங்கள் இடம்பெற்றது. இது பதிவு செய்யப்பட்ட இடம் இலண்டன் அபி றோட்டிலே ஈ.எம்.ஐ. கொம்பனிக்குச் சொந்தமாயிருந்த பதிவுக்கூடம். நம் பாட்டனார் காலத்து வீடுகளிலே குழாய் வைத்த பெட்டியிற் சுழன்ற நாய்ப்படம் போட்ட இசைத்தட்டுகளை நம்மவர் மறந்திரார். கல்கத்தாவை அடுத்த டம்டமிலே அவற்றை அச்சிட்டு இப்பகுதியெங்கும் பரப்பிய கிராமபோன் கொம்பனியும் 1931ஆம் ஆண்டிலே உருவான இதே ஈ.எம்.ஐ. குடும்பத்தைச் சேர்ந்ததே.

பணத்தைப் பற்றிய பாடலின் தொடக்கத்திலே கேட்கும் ஒலிகள் எவ்வாறு ஆக்கப்பட்டன என்பது சுவையான செய்தி. வோட்டர்ஸின் மனைவி மட்பாண்டக் கலைஞர். அவர் களிமண் குழைக்கும் பாத்திரத்திலே நாணயங்களை எறிந்து ஓசையைப் பதிவு செய்தனர். கடதாசி கிழியும் ஓசை, கடைக்காரரின் பணப்பெட்டி திறக்கும் ஓசை முதலியனவும் சேர்ந்தன. ஒலிநாடாவை அளவுகோலால் அளந்து, சமநீளத் துண்டுகளாக வெட்டி, வட்டமாக ஒட்டிச் சுழலவிட்டனர். துண்டுகள் ஏழு, ஆகவே தாளமும் ஏழு எண்ணிக்கையாயிற்று. மிசிர சாபு தாளத்திலே பழகிய நம் செவிக்கு இது அந்நியமன்று. ஆங்கிலேய றொக் இசைக்கோ ஏழு என்பது அருமை. கிற்றார் தனியிசை வருமிடத்து அவர்களும் வழமையான நான்குக்கே திரும்பிவிடுகின்றனர். கருவிக்கு அப்பாற்பட்ட ஓசைகளை நாடாவிலே வெட்டி ஒட்டி இசையாக்கும் இம்முறையை 1948ஆம் ஆண்டிலேயே பாரிஸ் வானொலியிலே பியர் ஷேபர் புகையிரத ஓசைகளைக் கொண்டு தொடக்கிவைத்திருந்தார். ஆராய்ச்சிக் கூடத்திலே பிறந்த அம்முறையைக் கோடிக்கணக்கானோர் செவிக்குக் கொண்டுசென்றதே இவர்களின் பங்கு.

இத்தட்டிலே பாடல்களுக்கிடையே சாதாரண மனிதரின் பேச்சுக்கள் கேட்கின்றன. வோட்டர்ஸ் வினாக்களை அட்டைகளில் எழுதினார். பதிவுக்கூடத்திலே அகப்பட்டவரை ஒலிவாங்கியின் முன் தனியே இருத்தி, அட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்து விடைகூறச் செய்தார். விருப்பமான நிறம் யாது என்பது போன்ற எளிய வினாக்களிலே தொடங்கி, கடைசியாக யாரையேனும் தாக்கியது எப்போது, அப்போது நியாயம் உம் பக்கம் இருந்ததா, மரணத்துக்கு அஞ்சுகிறீரா என்று வினாக்கள் ஆழஞ்செல்லும். அக்காலத்திலே அக்கட்டிடத்தில் இருந்தவர்களுள் மிகப் புகழ்வாய்ந்தவர் பீற்றில்ஸ் குழுவின் முன்னாள் உறுப்பினர் போல் மக்கார்ட்னி. அவரும் அவர் மனைவியும் விடையளித்தனர். ஆயினும், அவை மிகுந்த எச்சரிக்கையோடு சொல்லப்பட்டவையாகையால் நீக்கப்பட்டன. கட்டிடத்தின் வாயிற்காவலரான ஜெரி ஓ’ட்றிஸ்கல் என்ற அயர்லாந்துக்காரர் மனந்திறந்து சொன்னவையோ இடம்பெற்றன; தட்டின் இறுதியிலே ஒலிப்பதும் அவருடைய குரலே. பெரும் புகழ் தன்னைக் காத்துக்கொள்வதிலே கவனமாயிருக்க, காத்துக்கொள்வதற்கு ஒன்றுமில்லாத உழைப்பாளி உண்மையைப் பேசினான்.

ஆனால் இதே தட்டு வேறொரு பாடத்தையும் புகட்டுகிறது. மரணத்தைப் பொருளாகக் கொண்ட உருப்படி ஒன்றுக்குப் பெண்குரல் தேவைப்பட்டது. ஒலிப்பொறியாளர் அலன் பார்சன்ஸின் ஆலோசனைப்படி கிளெயர் டொறி என்ற இளம் பாடகி அழைக்கப்பட்டார். 1973ஆம் ஆண்டு ஜனவரி 21ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. பாட்டுக்குச் சொல்லும் இல்லை, மெட்டும் இல்லை. பொருளை மட்டுஞ் சொன்னார்கள். தன் குரலையே இசைக்கருவியாகக் கருதி அவர் ஓலமும் விம்மலும் அடங்கலுமாகப் பாடிமுடித்தார். ஞாயிறு வேலைக்குரிய இரட்டிப்புக் கூலியாக 30 பவுண் பெற்றுச் சென்றார். தம் பாட்டு பயன்படுத்தப்பட்டதென்பதை இசைத்தட்டுக் கடையிலே உறையைக் கண்டபோதே அறிந்தார் என்பர். அந்த ஆக்கத்தின் ஆசிரியராக றைட்டின் பெயர் மாத்திரமே முப்பதாண்டுகளுக்கு மேலாக அச்சிடப்பட்டு வந்தது. 2004ஆம் ஆண்டிலே டொறி வழக்குத் தொடுத்தார். 2005ஆம் ஆண்டில் வழக்கு இணக்கமாக முடிய, அவரும் இணையாசிரியராக ஏற்கப்பட்டார். பணத்தையும் பேராசையையும் கண்டிக்கும் இசைத்தட்டு ஒன்றினுள்ளேயே உழைப்புக்கும் உரிமைக்கும் இடையிலான இப்பிணக்கு முப்பதாண்டுகள் உறங்கிக் கிடந்தது. தனிப்பட்ட எவருடைய கெட்ட எண்ணத்தினாலும் இது நேர்ந்ததன்று. நாட்கூலி கொடுத்தாயிற்று, ஆகவே விளைவு முழுவதும் நமக்கே உரியது என்னும் கொள்கை தொழிற்சாலையிலே எவ்வாறு இயல்பாகத் தோன்றுகிறதோ அவ்வாறே பதிவுக்கூடத்திலும் தோன்றிற்று.

பெருவெற்றிக்குப் பின் வந்த முடக்கம் குழுவின் மிகப் புகழ்பெற்ற கைவிடப்பட்ட முயற்சிக்கு வித்திட்டது. 1973ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே, இசைக்கருவி எதனையும் தொடாது, வீட்டுப் பொருள்களைக் கொண்டே முழு இசைத்தட்டையும் ஆக்குவதென முடிவு செய்தனர். ‘வீட்டுப் பொருள்கள்’ என்பதே அதற்கு வழங்கிய பெயர். இறப்பர் வளையங்களை இழுத்துக்கட்டி மீட்டினர், போத்தல்களைத் தட்டினர், புட்டியிலிருந்து மருந்து சீறும் ஓசையைத் தாளமாக்கினர், மதுக்கிண்ணங்களிலே வெவ்வேறளவு நீர் ஊற்றி, விளிம்பிலே ஈரவிரலை ஓட்டிச் சுரம் எழுப்பினர். நம் ஜலதரங்கத்தின் உறவினமான வித்தை இது. உலகின் மிகச் சிறந்த பதிவுக்கூடங்களுள் ஒன்றிலே வாரக்கணக்காக உழைத்தும் சில துண்டுகளே தேறின. கிற்றார் ஒரு கணத்திலே தரும் சுரத்தை இறப்பர் வளையத்திலிருந்து பெறுவதற்கு நாள்முழுதும் பாடுபடுகிறோமே என்ற கேள்வி எழுந்தது, முயற்சி நின்றது.

இதன் தோல்விக்கு நாம் காணும் காரணம் ஒன்றுண்டு. நான்காண்டுகளுக்கு முன் மேடையிலே மரம் அறுத்தபோது அவ்வோசைக்கு ஒரு பொருள் இருந்தது; அது ஒரு மனிதனின் வேலைநாளைச் சொல்லிற்று. பாத்திரத்திலே விழுந்த நாணயத்துக்கும் பொருள் இருந்தது. இறப்பர் வளையத்துக்கோ, அது கிற்றார் அன்று என்பதைத் தவிர வேறு பொருள் இருக்கவில்லை. உள்ளடக்கத்தைத் துறந்த உருவப் புதுமை எவ்வளவு வசதியும் நேரமும் இருந்தும் வளராது என்பதற்கு இது தக்க சான்று. எனினும் அம்முயற்சி முழுதும் வீண்போகவில்லை. மதுக்கிண்ணங்களின் ஒலி, 1975ஆம் ஆண்டு வெளிவந்த ‘விஷ் யூ வேர் ஹியர்’ (நீ இங்கிருந்தால்) என்ற தட்டின் தொடக்க இசைக்கு அடித்தளமாயிற்று. நோயுற்று விலகிய சிட் பரட்டை நினைந்துருகும் இசை அது. பொருள் கிடைத்ததும் ஒலி உயிர்பெற்றது.

அத்தட்டின் இறுதிவேலை நடந்த 1975ஆம் ஆண்டு ஜூன் 5ஆந் திகதி, தலைமயிரும் புருவமும் மழித்த பருத்த மனிதரொருவர் பதிவுக்கூடத்துள் வந்து நின்றார். யாரென்று எவருக்கும் நெடுநேரம் விளங்கவில்லை. அவர்தாம் பரட். அவரைப் பற்றிய பாட்டே அப்போது சீர்செய்யப்பட்டுக்கொண்டிருந்தது. இசை வாணிபம் மனிதரை எவ்வாறு உறிஞ்சித் துப்புகிறது என்பதே அத்தட்டின் ஏனைய பாடல்களின் பொருளும். நீக்கப்பட்ட செல்வமொன்றும் அதிலுண்டு. பக்கத்துக் கூடத்திலே யெஹுதி மெனுஹினுடன் பதிவு செய்துகொண்டிருந்த பிரெஞ்சு வயலின் மேதை ஸ்ரெபான் கிறப்பெல்லி, தலைப்புப் பாடலுக்கு வாசித்துக் கொடுத்தார். வெளிவந்த தட்டிலே அவ்வாசிப்பு இல்லை. அழிந்துபோயிற்றென்றே கருதப்பட்ட அது 2011ஆம் ஆண்டிலே வெளியிடப்பட்டது.

1977ஆம் ஆண்டின் ‘அனிமல்ஸ்’ (விலங்குகள்) ஓவெலின் ‘விலங்குப் பண்ணை’ நாவலைத் தழுவிச் சமுதாயத்தை நாய், பன்றி, ஆடு எனப் பிரித்தது. ஓவெல் சோவியத் ஆட்சியைச் சாடினார். வோட்டர்ஸோ அதே உருவகத்தை முதலாளித்துவ இங்கிலாந்தின்மீது திருப்பினார். அதன் இரு பெரும் பாடல்கள் 1974ஆம் ஆண்டிலேயே வேறு பெயர்களிலே மேடைகளிற் பாடப்பட்டு, முந்தைய தட்டிலிருந்து ஒதுக்கப்பட்டவை. உறைப்படத்துக்காக 1976ஆம் ஆண்டு டிசம்பரிலே இலண்டன் பற்றசீ மின்நிலையத்தின் புகைபோக்கிகளிடையே மிகப்பெரிய பன்றி வடிவப் பலூனொன்று பறக்கவிடப்பட்டது. அறுந்துபோனாற் சுட்டு வீழ்த்துவதற்கு முதல்நாள் துப்பாக்கிக்காரர் ஒருவரை அமர்த்தியிருந்தனர். மறுநாள் அவரை அழைக்க மறந்தனர். அன்றுதான் கயிறு அறுந்தது. ஹீத்றோ விமானங்களுக்கு இடையூறு விளைத்துக் கென்ற் மாவட்டத்துப் பண்ணை ஒன்றிலே பன்றி இறங்கிற்று. அம்மின்நிலையம் 1983ஆம் ஆண்டிலே மூடப்பட்டு, 2022ஆம் ஆண்டிலே கடைத்தொகுதியாகவும் செல்வர் குடியிருப்பாகவும் திறக்கப்பட்டது. உருவகம் அமைத்தவரும் இத்தகைய முடிவைக் கற்பனை செய்திரார்.

1979ஆம் ஆண்டு நவம்பரிலே ‘த வோல்’ (சுவர்) வெளிவந்தது. அதன் பொருளாதாரப் பின்னணி உறையிலே இல்லாதது. குழுவினரின் செல்வத்தைக் கையாண்ட நிதி நிறுவனம் ஒன்று அதனைச் சறுக்குப் பலகை முதலான நட்டத் தொழில்களிலே முதலிட்டுப் பேரிழப்பை விளைத்தது. வரிச்சுமைக்குத் தப்புவதற்காகக் குழு நாட்டைவிட்டு வெளியேறி, பிரான்சிலும் அமெரிக்காவிலும் பதிவு செய்யலாயிற்று. பொதுப்பணத்திலே கற்றவர்கள் பொதுவரியிலிருந்து தப்பியோடினர் என்ற முரண்பாட்டை நாம் மூடிமறைத்தல் கூடாது. பதிவின் நடுவே றைட் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். ஆயினும், 1980–81ஆம் ஆண்டுகளிலே நடந்த ‘சுவர்’ நிகழ்ச்சிகளுக்கு அவர் சம்பளம் பெறும் கலைஞராக அமர்த்தப்பட்டார். மேடையிலே உண்மையாகவே பெருஞ்சுவர் எழுப்பி உடைத்த அந்நிகழ்ச்சிகள் நட்டத்திலே முடிந்தன. உரிமையாளர் மூவரும் நட்டத்தைச் சுமக்க, கூலிக்காரர் ஒருவரே பணத்தோடு வீடு சென்றார். கூலியாளுக்கு வரலாறு அருமையாகவே இத்தகைய நீதி வழங்குகிறது.

இத்தட்டிலேதான் கல்விமுறையை எதிர்த்துச் சிறுவர்கள் சேர்ந்து பாடும் புகழ்பெற்ற பாடல் உள்ளது. சிறுவர் குரல் சேர்க்கும் யோசனை தயாரிப்பாளர் பொப் எஸ்றினுடையது. இலண்டன் இஸ்லிங்ரன் பகுதியிலிருந்த குழுவின் பதிவுக்கூடத்துக்கு அண்மையில் இருந்த அரசாங்கப் பாடசாலையிலிருந்து 23 மாணவர் அழைத்துவரப்பட்டனர். அவர்கள் குரலைப் பன்னிரு முறை மடித்துப் பெருங்கூட்டம் பாடுவதுபோல ஆக்கினர். பாடசாலைக்கு 1000 பவுண் கிடைத்தது. பிள்ளைகளுக்குத் தட்டும் அனுமதிச்சீட்டும் கிடைத்தன. விற்பனையிலே பங்கு இல்லை. பாட்டோ அவ்வாண்டு நத்தாரிலே பிரித்தானியாவின் முதலிடத்தைப் பெற்று ஐந்து வாரம் அங்கேயே நின்றது. ஒலிபரப்புப் பங்கினைக் கோரும் முயற்சி அவர்கள் வளர்ந்து நடுவயதை நெருங்கிய 2004ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. சிறுவர் சுரண்டலைக் கண்டிக்கும் பாட்டிலே சிறுவர் உழைப்பு இவ்வாறு கணக்கிலே சேராது போயிற்று.

பாட்டு வெளிவந்தபோது ஆசிரியர்களும் கல்வியதிகாரிகளும் சினந்தனர். இது கல்வியையே பழிக்கிறது என்றனர். நம்முள்ளும் ஆசிரியர் பலர் அவ்வாறு எண்ணுதல் கூடும். ஆனால் அதன் பொருளை மிகச் சரியாகப் படித்தவர்கள் தென்னாபிரிக்க மாணவர்கள். 1980ஆம் ஆண்டு ஏப்ரலிலே, நிறவெறி அரசு தங்களுக்கு ஒதுக்கிய இழிந்த கல்வியை எதிர்த்து, கேப் மாகாணத்து மாணவர்கள் வகுப்புகளைப் பகிஷ்கரித்தனர். இந்தப் பாட்டு அவர்களின் போராட்டப் பாட்டாயிற்று. மே மாதத்திலே அரசு பாட்டையும் தட்டையும் தடைசெய்தது. அம்மாணவர்கள் கல்வி வேண்டாம் என்று கூறவில்லை; மனிதரை மனிதராக்கும் கல்வி வேண்டும் என்றே கூறினர். இலண்டன் பதிவுக்கூடத்திலே இருபத்துமூன்று பிள்ளைகள் பாடிய குரல், அவர்கள் காணாத நாட்டிலே, அவர்கள் அறியாத பிள்ளைகளின் குரலாக மாறியது. ஒரு கலைப்படைப்புக்கு இதனினும் பெரிய பேறு வேறில்லை.

எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஆசிரியரின் மகன் ஆசிரியரை ஏன் இவ்வளவு கொடியவராகத் தீட்டினார்? விடை ‘சுவர்’ தட்டிலே இல்லை. அதிலிருந்து நீக்கப்பட்ட செங்கல் ஒன்றிலேயே உள்ளது. அத்தட்டுக்காக வோட்டர்ஸ் ஆசிரியரைப் பற்றி எழுதிய வேறொரு பாடல் ஒதுக்கப்பட்டது. 1982ஆம் ஆண்டிலே ‘சுவர்’ திரைப்படமானபோது, மிஞ்சியவற்றைத் தொகுத்து ‘மிஞ்சிய செங்கற்கள்’ என்ற பெயரிலே தட்டு வெளியிட எண்ணினர். அவ்வாண்டு ஏப்ரலிலே போக்லன்ட் தீவுப் போர் மூண்டது. போரில்லாத உலகுக்காக மாண்ட தந்தையரின் கனவை ஆட்சியாளர் காட்டிக்கொடுத்துவிட்டனர் என்ற சினம் வோட்டர்ஸிடம் பொங்கிற்று. ‘மிஞ்சிய செங்கற்கள்’ கைவிடப்பட, 1983ஆம் ஆண்டிலே ‘த பைனல் கட்’ (இறுதி வெட்டு) என்ற தட்டு அதன் இடத்திலே தோன்றியது. தட்டு தந்தை எரிக் பிளெச்சர் வோட்டர்ஸின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. முன்னர் தள்ளப்பட்ட பாட்டுக்களை மீண்டும் எடுப்பதேன் என்று கில்மோர் எதிர்த்தார். அப்பூசல் குழுவையே உடைத்தது.

ஒதுக்கப்பட்ட ஆசிரியர் பாடல் புதிய பெயரிலே இத்தட்டில் இடம்பெற்றது. வகுப்பிலே மாணவரை நசுக்கும் அந்த மனிதர் யாரென்று இப்போது தெரியவருகிறது. அவர் இரண்டாம் உலகப் போரிலே டிறெஸ்டன் நகரின்மீது குண்டு வீசச் சென்ற விமானப்படையினர். தோழனைப் பறிகொடுத்துத் திரும்பியவர். தாம் கண்டதையும் செய்ததையும் மனைவியிடங்கூடச் சொல்லமுடியாது நெஞ்சிலே பூட்டிவைத்து, மறுநாட் காலை வகுப்பிலே நிற்பவர். போர் அவரை உடைத்தது. அவர் பிள்ளைகளை உடைக்கிறார். ‘சுவர்’ தட்டிலே கொடுமைக்காரராக மாத்திரம் நின்றவருக்கு, மிஞ்சிய செங்கல் ஒரு வரலாற்றை வழங்கிற்று. தனிமனிதன்மீது எழுந்த சினம், அவனை அவ்வாறு ஆக்கிய அமைப்பின்மீது எழும் சினமாக முதிர்ந்தது. முற்போக்கு என்னும் சொல்லை நாம் வழங்கும் பொருளிலேயே இங்கு வழங்கலாம்.

விற்பனைக் கணக்கோ இப்பாட்டை மதிக்கவில்லை. ‘இறுதி வெட்டு’ முந்தைய தட்டுகளைப்போல விற்கவில்லை. ஆனால் சந்தை பின்னாளிலே மிஞ்சியவற்றின் மதிப்பையும் கண்டுகொண்டது. 2011ஆம் ஆண்டு முதல் கைவிடப்பட்ட ஒலிநாடாக்கள் விலையுயர்ந்த பெட்டிகளிலே விற்பனைக்கு வந்தன. ‘வீட்டுப் பொருள்கள்’ முயற்சியின் இரு துண்டுகளும் அவற்றுள் அடங்கும். ஈ.எம்.ஐ. கொம்பனி 2012ஆம் ஆண்டிலே கூறுபோட்டு விற்கப்பட்டது. 2024ஆம் ஆண்டிலே குழுவின் பதிவுகளும் பெயருரிமையும் ஏறத்தாழ 40 கோடி டொலருக்கு சோனி நிறுவனத்துக்கு விற்கப்பட்டதாகச் செய்தி வெளியாயிற்று. வாயிற்காவலரின் குரலும், இருபத்துமூன்று பிள்ளைகளின் குரலும், ஞாயிற்றுக்கிழமை மாலையிலே 30 பவுணுக்குப் பாடப்பட்ட ஓலமும் அவ்விலையினுள் அடங்கியவையே.

பின்புலச் செய்திகளைச் சேகரிப்பதை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குவோர் உளர். இரசிகர் கூட்டம் அவற்றைப் பொழுதுபோக்காகவே பேணியும் வருகிறது. ஆனால் அச்செய்திகளினூடாகவே பண்டத்தினுள் மறைந்த மனிதர் வெளிவருகின்றனர். நம் நாடகங்களுக்கும், வானொலிக்கும், அச்சுக்கூடங்களுக்கும், ஏடுகளுக்கும் இத்தகைய வரலாறு எழுதப்படல் வேண்டும். திரை இழுத்தவர், அச்சுக் கோத்தவர், பின்பாட்டுப் பாடியவர், பெயரின்றி எழுதியவர் ஆகியோர் உயிரோடிருக்கும்போதே அவர்களை வினவ வேண்டும். மாணவரை இப்பணியிலே ஈடுபடுத்தக்கூடியவர் ஆசிரியர்களே. ஒரு வகுப்பு தன் ஊரிலே ஒரு முதியவரின் உழைப்பை எழுதி வைக்குமாயின், அந்த வகுப்பறை சுவரெழுப்பும் இடமாக இராது.